மாரியாயியின் நான்காவது படம்

மே 9, சனி. குன்னூர்.

தேயிலை பறிக்கும் மாரியாயியின் ஒரு நாளை ஒன்பது புகைப்படங்களில் சொல்லியிருக்கிறேன். நாளை கோடைக் கண்காட்சி. மாலையில் கண்காட்சிக் குழுச் செயலாளர் மண்டபத்துக்கு வந்து பார்த்தார். நான்காவது படத்தில் மாரியாயி பாறைமேல் உட்கார்ந்து காலிலிருந்து அட்டையைப் பிடுங்குகிறாள். ரத்தம் வழிகிறது.

"ஏனுங்க சார், டூரிஸ்ட்டுங்க வர்ற எடத்துல இதெல்லாமா? இதை மட்டும் கழட்டிருங்க. கூடையோட சிரிக்கற மாதிரி ஒண்ணு மாட்டுங்க."

தலையாட்டிவிட்டேன். முப்பது வருடம் எஸ்டேட் ஆபீசில் தலையாட்டிய பழக்கம். படங்களைப் பார்க்க வந்திருந்த மாரியாயி பக்கத்திலேயே நின்றாள்.

"என்ற காலுதானுங்களே? அட்டை கடிச்சது எனக்கு. அவருக்கு எதுக்குங்க அரிக்குது?"

செயலாளர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "கழட்டறதா இருந்தா ஒன்பதையும் கழட்டிக்கறேனுங்க" என்றேன்.

"சாருக்குக் கோவம்கூட வருமா!" என்று சிரித்தார். "காலையில பேசிக்கலாங்க" என்று போய்விட்டார்.

ஐந்தாவது படமும் ஆறாவதும் இடம் மாற வேண்டுமோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. நான்காவதில் சந்தேகம் இல்லை. படம் மாட்டுவதற்காக என்னிடம் தந்திருந்த மண்டபச் சாவியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.