பிள்ளைகள் விவரம்

4-10-93, திங்கள்

மூட்டம். மழை வரும் வரும் என்று போக்குக் காட்டிவிட்டு மேற்கே மலையோடு நின்றுகொண்டது. புழுக்கம். வாசல் சாக்கடை நாற்றம் தாங்கவில்லை. நகராட்சி ஆள் வந்து அள்ளினான். அள்ளியதை ஓரமாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறான், சரியாக எங்கள் வாசலுக்கு நேராக.

ஸ்டுடியோ போனோம். ஆஸ்திரேலியா படிவத்துக்கு ஆளுக்கு ஆறு படம். ஸ்டுடியோக்காரன் கேட்காமலே எனக்குப் பவுடர் பூச வந்தான். ஊரே பூசிய பஞ்சு. கையைத் தட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் பூசிக்கொண்டார். அறுபத்து நாலு வயதில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்.

செய்ய வேண்டியவை:
– போட்டோ (ஆச்சு)
– பாஸ்போர்ட் இரண்டுக்கும் நகல்
– கல்யாணப் பத்திரிகை. பீரோ அடியில்?
– என் பென்ஷன் ஆர்டர்
– இவருடைய மில் சர்வீஸ் சர்டிபிகேட்
– படிவம் நிரப்புவது. நான்தான். இவர் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி.

கண்ணனுக்கு இரண்டாவது பிள்ளை மார்ச்சில். "ரெண்டு பேரும் நிரந்தரமா இங்கேயே வந்துருங்க" என்று திடீர்ப் பாசம். முதல் பிள்ளைக்கு இந்தப் பாசத்தைக் காணோம். அப்போது மருமகளின் அம்மா போயிருந்தாள். இப்போது அந்த அம்மாளுக்கு முட்டி வலி. மெல்போர்னில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறான் என் மகன்.

தெரிந்தும் போக ஆசை. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன். முப்பத்தாறு வருஷம் யூனியன் பள்ளியில் சாக்பீஸ் தூசி முழுங்கியாச்சு. இந்தத் தெரு, இந்தச் சாக்கடை, சாப்பிட்டு முடித்து இவர் பல் குத்தும் சத்தம். எல்லாம் குமட்டுகிறது. கடைசிக் காலத்திலாவது வேறு ஒரு வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

7-10-93, வியாழன்

வெயில். நகல் எடுத்தாச்சு. கல்யாணப் பத்திரிகை கிடைத்தது, பாதியைப் பூச்சி தின்றிருக்கிறது.

பக்கத்து வீட்டு ராஜு சம்சாரம் மகளோடு வந்தாள். உட்காரக்கூட இல்லை. நேரே ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்து, மகளிடம் தெலுங்கில் "சூடு, பாகுந்தி" என்கிறாள், பாரு, நல்லாயிருக்கு என்று. எனக்குப் புரியாதாம். இருபத்தைந்து வருஷமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன்.

"டீச்சர், இது எங்களுக்குத்தான். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராதீங்க."

இதுவரை பதிவானவை: ஃபிரிட்ஜ் – ராஜு வீடு. கிரைண்டர் – இவர் தங்கச்சி. தேக்குக் கட்டில் – இவர் தங்கச்சி மகன். தையல் மிஷின் – பால்காரி (இவளுமா!). நாங்கள் இன்னும் படிவமே அனுப்பவில்லை. உயிரோடு இருக்கும்போதே கருமாதிப் பந்திக்கு இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

தேவதானத்து வசந்தி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கடைக்குட்டி. வாயில்லாப் பூச்சி.

10-10-93, ஞாயிறு

காலை எட்டரைக்கு ராஜு வீட்டு போனில் கண்ணன். அவர்கள் வீட்டில் நால்வரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள்.

அங்கே ஒரு சட்டமாம். பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது அந்த நாட்டில் இருந்தால்தான் தாய் தகப்பனை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வார்களாம். எங்களுக்கு மூன்று. மூத்தவள் சரோஜா ஸ்ரீவில்லிபுத்தூரில், வசந்தி தேவதானத்தில், இவன் ஒருவன் அங்கே. கணக்கு உதைக்கிறது.

"ரெண்டு பேரையும் விட வேண்டாம்மா. ஒருத்திய மட்டும் எழுதாம விட்டாப் போதும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. சமமாயிரும்."

"யாரைலே?" என்று கேட்டேன். கேட்டேனே. அந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும்.

"வசந்திதாம்மா சரி. அக்காவுக்கு ஆஸ்பத்திரி சர்டிபிகேட், காலேஜ் மார்க் லிஸ்ட் எல்லாம் இருக்கு. எங்கயாவது தட்டுப்படும். வசந்திக்குத்தான் சொல்லும்படியா ஒரு காகிதமும் கிடையாதுல்ல?"

மளிகைச் சீட்டில் ஒரு சாமானை அடிக்கிற மாதிரி சொன்னான். பின்னால் அவன் மகன் சிரிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு என் நெஞ்சு இளகியது. சீ.

ராஜு சம்சாரம்: "என்ன டீச்சர், எதும் பிரச்சனையா?" ஃபிரிட்ஜ் போய்விடுமோ என்று அவளுக்குக் கவலை.

11-10-93, திங்கள்

தூக்கமில்லை, தலைவலி. சமையல் வெறும் ரசம்.

வசந்திக்குக் காகிதம் ஏன் இல்லை? நான்தான் காரணம். தேவதானம் பள்ளிக்கு என்னை மாற்றிய வருஷம், வாடகை வீட்டில், அடைமழையில் பிறந்தாள். பதிய வேண்டும் என்று இவரிடம் சொன்னேன், இவர் என்னிடம் சொன்னார், அப்படியே போயிற்று. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த தேதி எழுதிக் கொடுத்து ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாத்தியாரம்மா நான்.

ஒன்பதாம் வகுப்போடு அவளை நிறுத்தியதும் நான். இவருக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆறு மாதம் படுக்கை. யாராவது வீட்டில் இருக்க வேண்டும். சரோஜா காலேஜ், கண்ணன் ஆம்பளைப் பிள்ளை, நான் வேலைக்குப் போகிறவள். மிச்சம் இருந்தது அவள். பத்தியக் கஞ்சி வைத்து, மலஜலம் அள்ளி, தகப்பனை எழுப்பி உட்கார வைத்தாள். இவர் எழுந்தார். அவள் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

இன்று அந்தத் தகப்பன் சொல்கிறார்: "பேரை எழுதலைன்னா பிள்ளை இல்லைன்னு ஆயிருமா? வெறும் காகிதம்தானட்டி." சொல்லிவிட்டு ஒரு ஏப்பம்.

13-10-93, புதன்

சாயங்காலம் ஸ்ரீவி.யிலிருந்து சரோஜா. எனக்குப் போன் வந்த மூன்றாம் நாளே அவளுக்கும் தம்பி போன் போட்டுவிட்டான். என்ன நிதானமாகப் பேசுகிறாள்!

"அம்மா, நாங்க எதுக்கும் ஆசைப்படலை. ஆனா நாளைக்கு என் மகன் படிக்கப் போகணும்னா, அம்மாச்சி தாத்தா அங்க இருக்காகன்னு காட்ட என் பேர் அதுல இருக்கணும்ல? வசந்தி பிள்ளைக எங்க போகப் போகுது? தோட்டத்தைப் பாத்துக்கிடும்."

"அவட்ட யாரு சொல்றது?"

"எதுக்குச் சொல்லணும்? கட்டிக் குடுத்த அன்னைக்கே நம்ம ரேஷன் கார்டுல அவ பேரை எடுத்தாச்சு. அப்ப அவ அழுதாளா?"

உன் பேரையும்தான் எடுத்தது, மகளே. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சீனி தூக்கலா இருக்கும்மா" என்றாள். இவளைத்தான் பட்டதாரி ஆக்கினேன்.

16-10-93, சனி

நல்ல மழை. சாக்கடைக் குவியல் கரைந்து மறுபடி சாக்கடைக்கே போய்ச் சேர்ந்தது.

மழையோடு வசந்தி வந்து நின்றாள். ஒரு பை நிறையக் கொய்யா, இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். "அங்க போனா இதெல்லாம் கிடைக்காதாம்லம்மா. பிளேன்ல விடுவாகளா?" பிறகு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு என் அடுப்படியைத் தேய்த்துக் கழுவினாள். அவள் அப்பா கால் நகத்தை வெட்டி ஹாலில் போட்டிருந்தார். அதையும் கூட்டினாள்.

"எம்புட்டு நாளுக்கு ஒருக்க வருவிய?"

"பாப்போம்."

"வராட்டியும் கடுதாசி போடுங்க. பெருசா எழுதுங்க. எனக்குச் சின்ன எழுத்து வாசிக்க வராது."

சொல்லியிருக்கலாம். மழை விடும்வரை இரண்டு மணி நேரம் இருந்தாள். கொய்யா நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மூன்று தின்றேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பு.

20-10-93, புதன்

நேற்று எழுத உட்கார்ந்தேன், செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றார் இவர். பொய்ச் சத்தியத்துக்கும் நல்ல நாள் பார்க்கிறார்.

இன்று பத்தரைக்கு மேல் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். இங்கிலீஷில் பெரிய எழுத்து, கட்டத்துக்கு ஒன்று. பெயர், பிறந்த ஊர், நோய் உண்டா, ஜெயிலுக்குப் போனதுண்டா. பிறகு பிள்ளைகள் விவரம். ஆறு வரி விட்டிருக்கிறார்கள். முதல் வரி சரோஜா. இரண்டாவது கண்ணன். மூன்றாவது வரியில் பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். ஒரு புள்ளி விழுந்தது. பிளேடால் சுரண்டினேன். சுரண்டின இடமே தெரியவில்லை. அதுதான் கண்றாவி.

இவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு: "எழுத்து முத்து முத்தா இருக்கு."

பிள்ளைகள் இத்தனை பேர்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் வைக்க வேண்டுமாம். அதில் எங்கள் கையெழுத்து, குடும்பத்தைத் தெரிந்த இரண்டு சாட்சி. வெள்ளிக்கிழமை ஸ்ரீவி. கோர்ட். சாட்சி யார் என்று கேட்டேன். "அதெல்லாம் நான் சொல்லி விட்டாச்சு" என்றார்.

22-10-93, வெள்ளி

மழை இல்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன், இன்னும் சேலை மாற்றவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்ரீவி. ஸ்டாண்டில் வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டையோடு நிற்கிறார் தேவதானத்து மாப்பிள்ளை. வசந்தி புருஷன். நடவு வேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரரைத் தனியாக இழுத்து, "சாட்சிக்கு இவரையா கூப்பிட்டிய?" என்றேன்.

"வேற யாரு வருவா? ஆஸ்பத்திரின்னாலும் தாலுகா ஆபீஸ்னாலும் இவர்தான வாரார். பழக்கத்துல சொல்லி விட்டுட்டேன். இங்கிலீஷ்லதான் அடிச்சிருக்கும். அவருக்கு என்ன தெரியப் போகுது."

கோர்ட் வாசல் முழுக்க வெற்றிலை எச்சில். மரத்தடியில் டைப் அடித்தாயிற்று. முதல் சாட்சி அங்கேயே கிடைத்தார், எந்தக் காகிதம் நீட்டினாலும் கையெழுத்துப் போடும் ஆசாமி. வாய் நிறையப் புகையிலை, எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போனோம். நோட்டரி வக்கீல் யாருடனோ போன் பேசியபடியே இவரிடமும் என்னிடமும் பத்திரத்தைத் தள்ளினார். போட்டோம். ஆமாம், நானும் போட்டேன்.

பிறகு மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்துகொண்டு, "எங்க அத்தே போடணும்?" என்றார்.

"வாசிச்சுட்டுப் போடுங்க மாப்பிள்ளை." என் வாய்தான் சொன்னது. ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"எனக்கு எங்க இங்கிலீஷ் வருது? நீங்க தமிழ்ல சொல்லுங்க. டீச்சர் சொன்னாப் பத்தாதா?"

வாசித்தேன். இன்ன தெருவில் குடியிருக்கும் நாங்கள் இருவரும் கணவன் மனைவி. எங்களுக்குப் பிறந்த பிள்ளைகள். ஒன்று, சரோஜா, வயது முப்பத்தேழு, ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு, கண்ணன், வயது முப்பத்து நாலு, மெல்போர்ன்.

நிறுத்தினேன். மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொறவு?"

இவர் மேலே காத்தாடியைப் பார்த்தார். நான் பத்திரத்தைப் பார்த்தேன்.

"பொறவு யாரு அத்தே?" என்று மறுபடி கேட்டவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் பக்கம் குனிந்து, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "போடச் சொன்னா போடுதேன் அத்தே. உங்களுக்கு ரெண்டு பிள்ளைகதான்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிருங்க."

இவர் என் முழங்கையை இடித்தார். "சொல்லேன்ட்டி."

முப்பத்தாறு வருஷம் வகுப்பில் கத்திய வாய். வரவில்லை. மாப்பிள்ளை கையிலிருந்த பேனாவை வாங்கி, டைப் அடித்த வரிக்குக் கீழே "மூன்று" என்று போட்டு வசந்தி பேரை எழுதினேன். நல்ல மனசில் எழுதவில்லை. கேட்டுவிட்டார், அதனால் எழுதினேன். கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் பத்திரம் தபாலில் போயிருக்கும்.

"என்னம்மா இது, பத்திரம் வீணாப் போச்சே" என்று நோட்டரி போனைப் பொத்திக்கொண்டு கத்தினார். இவர், "போச்சு, எல்லாம் போச்சு" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெயருக்குப் பக்கத்தில் வயது எழுத வேண்டும். முப்பதா, முப்பத்திரண்டா? அடைமழை ஞாபகம் இருக்கிறது, தேவதானத்து வீடு ஞாபகம் இருக்கிறது, வருஷம் வரவில்லை. பேனாவை வைத்தபடியே நின்றேன்.

"முப்பத்தொண்ணு அத்தே," என்றார் மாப்பிள்ளை.