தயிர் வடித்த முக்காடு

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கொழும்புக்கு வந்தபின் நான் முக்காடில்லாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறேன் என்று மாக்ரெட் மன்னாரில் சொல்லித் திரிகிறாளாம். அப்படிப் போனது ஒரேயொரு ஞாயிறு. வேலையை விட்டு வரச்சொல்லி எழுதியிருந்தீர்கள். காரணத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த வெள்ளவத்தைப் பெண்கள் விடுதியை என்னோடு சேர்ந்து நடத்துபவர் ஜவாஹிறா. இங்கே தங்கியிருந்த ரொஷேல் என்ற பிள்ளையின் பிரியாவிடை விருந்துக்கு, கட்லெட்டைத் தொட்டுச் சாப்பிட அவர் வெங்காய டிப் செய்தார். வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் பழுப்பாகும்வரை வதக்கி, தண்ணீர் வடித்த தயிரில் கலப்பதாம்.

“வடிக்க மெல்லிசான துணி ஈக்கா, டீச்சர்?” என்று கேட்டார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன் இந்தப் பாடு? கிரீமை ஊத்தினா முடிஞ்சுதே.”

“கிரீம் ஒங்களுக்கு ஏலாதெண்டு டொக்டர் சொன்ன தானே. எல்லாரும் தின்னக்குள்ள நீங்க சும்மா பாத்துட்டு ஈக்கிறதா?”

டொக்டர் சொன்னது சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். அதைக்கூட நினைவில் வைத்திருந்த மனுஷிக்கு, அலுமாரியிலிருந்த என் முக்காட்டை எடுத்துக் கொடுத்தேன். அப்படி வழுவழுப்பான, வயிற்றுக்கு இதமான டிப்பை நான் எந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை. கட்லெட்டோடு இரண்டு தரம் எடுத்தேன். எத்தனை துவைத்தும் முக்காட்டில் தயிர் மணம் போகவில்லை. அதனால்தான் அந்த ஞாயிறு வெறுந்தலையோடு போனேன்.

அது இனிச் சமையலறைக்குத்தான். உங்கள் பழைய முக்காடுகளில் ஒன்றை அனுப்புங்கள். புதிது வேண்டாம், பூசைக்கு இங்கே தனியாகத்தான் போகிறேன்.

பிள்ளைகள் சாப்பிட வரும் நேரமாகிறது. நான் இங்கேயே இருக்கலாமா என்பதைத் தொலைபேசியில் சொல்லாமல், உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

தங்கை,
கன்செப்டா