விதையுள்ளதெல்லாம் அண்ணனுக்கு

மார்ச் 3, செவ்வாய்

மகள் ஊருக்குத் திரும்பும்போது கைபேசியில் இதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். "எழுதத் தெரியலைன்னா என்னப்பா, நீ பேசு. அதுவே எழுதிக்கும்." நான் சொல்வதைத்தான் எழுதுகிறதா, இல்லை என்னைப் பற்றி வேறு ஏதாவது எழுதுகிறதா, படிக்கத் தெரியாதவனுக்கு எப்படித் தெரியும்? இருக்கட்டும். அவள் அம்மா போனபின் இந்த வீட்டில் என் குரல் கேட்பதே இப்போதுதான்.

இன்றும் அண்ணன் கடை திறக்கவில்லை. என் காய்கறிக் கடைக்கு நேர் எதிரில் அவன் பழக்கடை. நடுவில் ஒரு தள்ளுவண்டி போகிற இடம்தான். போன வாரத்திலிருந்து கதவு இறங்கியே கிடக்கிறது. என் பலகையில் ஒரு பப்பாளி பழுத்துவிட்டது. ஓரமாக எடுத்து வைத்தேன். அது அவனுடையது.

மார்ச் 4, புதன்

இன்றும் இல்லை. பப்பாளியைத் திருப்பி வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

வியாபாரம் மந்தம். உட்கார்ந்து மூடிய கதவையே பார்த்தால் பழையதெல்லாம்தானே வரும்.

அப்பாவுக்குப் பிறகு ஒரே கடையில் நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டு நின்றோம். அம்மா எதிர்க்கடையையும் பிடித்துப் பாகம் பிரித்தாள். "அப்படியே திங்கிறது பெரியவனுக்கு. அடுப்புல ஏறுறது சின்னவனுக்கு. இதுக்கு மேல எங்கிட்ட வராதீங்க." அவ்வளவுதான் பத்திரம். வாழையும் மாவும் பப்பாளியும் காயாக இருக்கும்வரை எனக்கு. என் பலகையிலேயே பழுத்துவிட்டால் அன்றே கொண்டுபோய் அவன் பலகையில் வைக்க வேண்டும். அவன் கூடையில் பழுக்காமல் அடம்பிடிக்கிற மாங்காய் என் பக்கம் வந்துவிடும்.

தக்காளியை மட்டும் அம்மா மறந்துவிட்டாள். குழம்பிலும் போடலாம், உப்பைத் தொட்டு அப்படியேயும் தின்னலாம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் அவன் பலகையில் தக்காளி. போய் வாரிக்கொண்டு வந்தேன்.

"தக்காளிப் பழம்னுதானேடா எல்லாரும் கேக்குறாங்க?"

"அப்போ ஆப்பிளை வெச்சுக் குழம்பு வைக்கச் சொல்லு அண்ணிய."

"இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

எதிரெதிர்க் கடை. தினமும் முழித்தான். பேச்சு மட்டும் நின்றது. அப்போது என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. இப்போது அவள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அத்தனை வருஷத்திலும் பழுத்தது அந்தப் பக்கம் போகாமல் இருந்ததில்லை. வைப்பேன், திரும்பி வருவேன். அவன் எங்கோ பார்த்துக்கொண்டு எடுத்து வைப்பான். நல்லதாக இருந்தால் ஒரு முறை முகர்ந்து பார்ப்பான். அந்த ஒன்றுதான் எங்களுக்குள் பேச்சு.

மார்ச் 9, திங்கள்

இன்று சிரித்தேன். கல்லூரியில் செடிகொடி பற்றிப் பாடம் நடத்துகிற அம்மா ஒருவர் வாடிக்கையாக வருவார். செடி டீச்சர் என்று சந்தையில் பெயர். பப்பாளியை விலை கேட்டார். "அது என்னுது இல்லம்மா, பழம் எதிர்க்கடைக்குச் சேர்ந்தது" என்று கணக்கைச் சொன்னேன்.

"அப்போ உங்க கத்தரிக்காயும் அங்கதான் போகணும் ஐயா" என்றார்.

"ஏன், அதுக்கு என்ன?"

"பூவுல இருந்து வந்து, உள்ள விதை இருந்தா, எங்க பாடத்துல அது பழம். வெண்டை, பூசணி, வெள்ளரி, மிளகா, பீன்ஸ் எல்லாம் பழம்தான்."

"தக்காளி?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ எனக்கு என்னதாம்மா மிச்சம்?"

"கேரட் வேர். உருளைக்கிழங்கு தண்டு. கீரை இலை. காலிஃபிளவர் பூ. காய்கறிங்கிறது அடுப்படியில வெச்ச பேரு. செடிக்கு அது தெரியாது."

சிரித்து முடித்துவிட்டு, இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பவன் ஒருவன்தான் என்று எதிரே பார்த்தேன். இரும்புக் கதவு.

மார்ச் 11, புதன்

டீக்கடைக்காரர் சொன்னார். அண்ணனுக்கு வாதம் வந்து இடது கை கால் விளங்காமல் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. நினைவும் பேச்சும் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் யாருக்கும் வாய் திறப்பதில்லை, சாப்பாட்டுக்கும் திறப்பதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறானாம்.

எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அண்ணி கூடவா? சரி, சொல்லியிருந்தால் உடனே ஓடியிருப்பேனா? தெரியவில்லை. போய் நின்று, அவன் சுவரிலிருந்து திரும்பாமலே கிடந்தால் — அதற்குப் பிறகு இந்தக் கடையில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவேன்?

மார்ச் 12, வியாழன்

பப்பாளி அழுகிவிட்டது. அவன் பங்கு, என் கையில். குப்பையில் போட மனம் வரவில்லை. போட்டுத்தானே ஆக வேண்டும். போட்டேன்.

மார்ச் 14, சனி

போனேன்.

அண்ணி கதவைத் திறந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார், வழி விட்டார். அவன் சுவர்ப் பக்கம் படுத்திருந்தான். முதுகு எலும்பு பனியனுக்கு மேல் தெரிந்தது. என்ன பேசுவது? பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். கத்தரிக்காய், வெண்டைக்காய், ஒரு கீற்றுப் பூசணி, பச்சை மிளகாய். மேலே தக்காளி.

"அண்ணே, உன் பங்கைக் கொண்டாந்திருக்கேன்."

வெண்டைக்காய் ஒன்று அவன் முதுகில் உருண்டது. கழுத்து மட்டும் திரும்பியது.

"விதை இருந்தா பழமாம். படிச்சவங்க சொல்றாங்க. கத்தரிக்காயில இருந்து எல்லாம் உன்னுதாம். எனக்குக் கிழங்கும் கீரையும்தான்."

ஒவ்வொன்றாகப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் அசைந்தது.

"அப்போ இத்தனை வருஷமா... என் சரக்கைத்தான் வித்துக்கிட்டிருந்திருக்கே."

"ஆமா."

"திருட்டுப் பயலே."

அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. அவன் நல்ல கையால் தக்காளியை எடுத்து முகர்ந்தான்.

"வாழைப்பழத்துல விதை எங்கடா இருக்கு?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டு வந்து சொல்லு."

மார்ச் 17, செவ்வாய்

செடி டீச்சரைக் கண்டதும் கேட்டேன். நடுவில் கறுப்பாகப் பொடி இருக்கிறதே, அது வளராமல் போன விதையாம். வளராவிட்டாலும் பழம் பழம்தானாம். சாயங்காலம் போய்ச் சொன்னேன். "அதுவும் எனக்கா?" என்றான். தக்காளியை அறுத்து உப்புத் தொட்டு வாயருகே கொண்டுபோனேன். பாதி தின்றான். "திராட்சையில விதை இல்லாதது இருக்கே, அது?" என்றான்.

நாளைக்குக் கேட்க வேண்டும். நாளை மறுநாளுக்கும் ஏதாவது வைத்திருப்பான்.

மார்ச் 29, ஞாயிறு

அவன் மகன் வந்து அவனையும் அண்ணியையும் தன் ஊருக்கு அழைத்துப் போகிறான். அங்கே பெரிய வைத்தியமாம். நல்லதுதான். நல்லதுதானே?

அண்ணி கடைச் சாவியைக் கொடுத்தார். வண்டியில் ஏற்றியபின் அண்ணன் கண்ணாடியை இறக்கச் சொன்னான். "பழுத்தா என் பலகையில வை. உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடாத." வண்டி போனபின் தெருவில் அதற்கு மேல் நிற்க ஒரு காரணமும் இல்லை. கொஞ்சம் நின்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் இரண்டு கதவையும் தூக்கினேன். அவன் பலகையைத் துடைத்துப் பழுத்த பப்பாளியை வைத்தேன். பக்கத்தில் தக்காளிக் கூடை.

ஒரு பெண் வந்து என் பலகையைத் துழாவினாள். "தக்காளி இல்லையா ஐயா?"

"எதிர்ல இருக்கும்மா. அண்ணன் கடையில."

"அங்க ஆளே இல்லையே."

"இருங்க" என்றேன். எழுந்து அந்தப் பக்கம் போய், அவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, அவன் தராசில் நிறுத்துக் கொடுத்தேன்.

அங்கிருந்து பார்த்தால் என் கடை முழுதும் தெரிகிறது. இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நினைக்கவே இல்லை.