புத்தகத்தில் இல்லாத வசனங்கள்

அக்கா,

ஜூன் 14, ஞாயிறு, மாலை ஐந்தேகால். பெட்டியில் காமிக்ஸ் இருபத்தாறு. இந்த ஹட்டன் அறையின் ஈரத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சை. திறந்ததும் நம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசம் அடித்தது. உன் மகள் தர்ஷினிக்கு நாலு புத்தகம் பொறுக்கி வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். பேசி அரை மணி ஆகிறது.

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் நீதான் வாசித்துக் காட்டுவாய். பழைய புத்தகக் கடைக்கார நானா கொடுத்த, அட்டை கிழிந்த காமிக்ஸ். முகமூடி போட்ட நாயகன் பறப்பான், மதிலை உடைப்பான், பத்துப் பேரை ஒரே குத்தில் சாய்ப்பான். ஆனால் உன் வாசிப்பில் அவனைவிட அவன் காதலிதான் அதிகம் பேசுவாள். தன்னைக் கட்டிப்போட்ட வில்லனிடம், "கைய எடுடா. ஒங்காத்தா ஒன்ன இப்படியா வளர்த்தா? அவுத்து விடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்பாள். நான் உருண்டு சிரிப்பேன்.

இரண்டாம் வகுப்பில் நானே வாசித்துப் பார்த்தபோது அவளுக்கு இருந்ததே இரண்டு வசனம். ஒன்று "ஆ!" இன்னொன்று "காப்பாற்றுங்கள்!" மிச்சமெல்லாம் உன் கைச்சரக்கு. ஏமாற்றிவிட்டாய் என்று உன்னோடு பேச்சை நிறுத்தினேன். "அவ வாயத் தொறக்க மாட்டேங்குறாளே, நான் என்னடா செய்ய?" என்றாய்.

எனக்குப் பிடித்த இன்னொரு புத்தகத்தில் காதலி தொடக்கத்திலேயே செத்துப்போவாள். நாயகன் கண் சிவக்கும். அதற்குப் பிறகு கடைசிவரை அடிதான். நீ அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: "அந்தப் புள்ள செத்தாத்தான் இவனுக்குக் கோவம் வருமா? அதுக்கு முந்தி எங்க போயிருந்தான்?" நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மச்சானைக் கட்டிக்கொண்டு லிந்துலைப் பக்கம் போனாய். மண் சரிந்த வருஷம் அவர் வெறுங்கையால் சேற்றைத் தோண்டி இரண்டு பிள்ளைகளை உயிரோடு எடுத்தார். நகமெல்லாம் பிய்ந்திருந்ததை நானே பார்த்தேன். அது பொய்யில்லை. அதனால்தான் வீட்டுக்குள் நடந்ததை நம்ப ஆளில்லை. லயத்துச் சுவர் மெல்லிசு. உங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் டிவியைக் கூட்டி வைப்பார்கள். உன் கன்னம் வீங்கியிருந்த தீபாவளிக்கு நான் கேட்டேன். "படியில வழுக்கிருச்சுடா," என்றாய். ஊரில் இல்லாத பெண்களுக்கெல்லாம் வசனம் போட்டுக் கொடுத்தவளுக்கு அந்த ஒன்றுதானா கிடைத்தது?

போன தையில் நீ செத்தபோதும் அதே படியைத்தான் சொன்னார்கள். பார்த்தவர் யாருமில்லை. தோட்டத் தலைவர் என் தோளைப் பிடித்து, "உசுரக் காப்பாத்துன கைப்பா அது," என்றார். கருமாதி முடிந்து அந்தப் படியைப் போய்ப் பார்த்தேன். மோட்டர் பழுது பார்க்கிறவன் நான், கண்ணால் பார்க்காமல் ஒன்றையும் நம்புவதில்லை. ஐந்து படி, வழுக்காதபடி கொத்திவிட்ட கருங்கல், பாசி இல்லை. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

இன்று வீடியோவில் தர்ஷினியின் இடது கையில் கட்டு. என்னாச்சு என்று கேட்டேன். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"படியில வழுக்கிருச்சு மாமா."

உன் குரல், உன் இழுவை. ஒன்பது வயது அக்கா அவளுக்கு. உடனே போன் அணைந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுக்கிறேன், அணைந்தேதான் கிடக்கிறது.

பெரிய ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டேன். செருப்பும் மாட்டியாகிவிட்டது. அப்போதுதான் நீ கேட்ட கேள்வி ஞாபகம் வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். நீ செத்த பிறகு கண் சிவக்கிறவன் நான்தான். அவர் மண்டையை உடைத்துவிட்டு நான் உள்ளே போனால் தர்ஷினிக்கு யார் இருக்கிறார்கள்? அவரை நினைத்துப் பயம். என் கையை நினைத்து அதைவிடப் பயம். இருட்டுவதற்குள் போயாக வேண்டும்.

1. ஸ்பேனரைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைப்பேன்.

2. தலைவரிடம் போக மாட்டேன். நேரே பொலிஸுக்குப் போய், சிறுவர் முறைப்பாடு எடுக்கும் பொலிஸ்கார மிஸ்ஸிடம் கட்டுப் போட்ட கையைச் சொல்வேன். அவர்கள் கிளம்பும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.

3. அங்கே மச்சான் என்ன பேசினாலும் என் இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள் இருக்கும்.

4. யாரும் பின்னால் நிற்காத இடத்தில் தர்ஷினியிடம் திரும்பக் கேட்பேன். அவசரப்படுத்த மாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

5. அவள் வாய் திறக்காவிட்டால், அந்தக் கட்டிப்போட்ட பெண் இருக்கிற பக்கத்தை எடுத்து, நீ வாசித்த மாதிரியே வாசிப்பேன். "கைய எடுடா" வரைக்கும். மிச்சத்தை அவள் சொல்லட்டும்.