பொலி சொன்ன அண்ணனுக்கு

அண்ணே,

முந்தாநாள் மருமகன் வயலில் அறுப்பு. மெஷின் இந்த முனையில் இறங்கி அந்த முனையில் ஏறுவதற்குள் டிராக்டர் நிறைய நெல் விழுந்துவிட்டது. நெல் தூசியும் பச்சை வைக்கோல் வாடையும் முகத்தில் அடித்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த வாடைக்கு மற்றவர்களுக்குப் பொங்கல் ஞாபகம் வரும். எனக்கு ஜீப் சத்தம் கேட்கும். இத்தனை வருஷத்தில் அது மட்டும் மாறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பெண் வந்தாள். பரமக்குடிப் பக்கமாம், கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு வரப்பு மேலேயே வந்துவிட்டாள். செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "அம்மா, செவப்புத்துண்டு ஆளுகன்னு ஒரு கூட்டம் இருந்துச்சாமே, அதுல நீங்களும் இருந்தீகளாம்ல?" என்றாள். நான் முதலில் பார்த்தது மருமகன் எங்கே நிற்கிறார் என்றுதான்.

"ஆரு சொன்னா?" என்றேன்.

"உங்க கூட்டத்துல இருந்த வீராச்சாமி அய்யாவப் பாத்துட்டுத்தான் வாரேன். நெல்லு அடிச்ச அன்னைக்கு உங்க தலைவரே போலீசுக்குக் காட்டிக் குடுத்துட்டாருன்னு சொன்னாரு. புத்தகத்துல அப்படியே எழுதிரலாமாம்மா? அவரும் போன வருசம் ராமேஸ்வரத்துல எறந்துட்டாராமே."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பயம், அண்ணே. வெளிப்படையாகவே சொல்கிறேன். என் மகள் வயிற்றுப் பேரன் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, தாண்டி, எல்லாம் தேறிவிட்டான். இனி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் அம்மாச்சியின் பெயர் ஒரு புத்தகத்தில் இருந்தால் அவன் கதி என்ன? எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி என்று சொல்லிவிட்டால் போதும், அவள் பஸ் ஏறிவிடுவாள். உங்கள் பெயர் மட்டும் கெட்டுப்போகும். செத்தவருக்கு என்ன வந்தது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

நமக்கு ஒழுங்காக ஒரு பெயர்கூடக் கிடையாது. பெரிய கட்சி மனுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டது என்று கோபித்துக்கொண்டு வந்த பத்துப் பேர் நாம். ஊர் வைத்த பெயர்தான் செவப்புத்துண்டு. அதிலும் எல்லாருக்கும் துண்டு கிடையாது. எனக்கு என் அம்மாவின் பழைய சேலையில் கிழித்துத் தந்தீர்கள். "தோழர்னு கூப்புடு" என்பீர்கள், எனக்கு வாயில் அண்ணே என்றுதான் வரும். சாமி, சகுனம், சாங்கியம் எதுவும் நம்மிடம் ஆகாது. அருவாளுக்குத் திருநீறு பூசினான் என்று செவுகனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பாவம், அவன் அன்று சாப்பிடவே இல்லை.

பண்ணையார் அந்த வருஷம் வாரக்குடிகளுக்குப் பங்கு கிடையாது என்றார். உழுதது, நட்டது, கண்மாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்டது எல்லாம் குடிகள். விளைந்ததும் நிலத்தை விட்டு இறங்கு என்றால்? அவர் வீட்டில் எல்லாரும் நயினார்கோவிலுக்குப் போன நாளில் நாமே அறுத்துக் குடிகளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. கதிரை ஊருக்குள் கட்டாகத் தூக்கினால் தெரிந்துவிடும். கருவேலங்காட்டுக்குள் ஒரு பொட்டலைச் செதுக்கிக் களமாக்கினோம். கல்லில் அடித்தால் சத்தம் கேட்கும் என்று காலால் மிதித்து உதிர்ப்பது, ஒருவரும் வாய் திறப்பதில்லை, இதெல்லாம் நீங்கள் போட்ட சட்டம். களத்தில் நீங்கள், நான், செவுகன். வீராச்சாமியும் மற்றவர்களும் தூரத்தில், கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் காவல்.

உச்சி வெயில். காக்கைகூடக் கத்தவில்லை. முதல் கட்டைப் பிரித்துப் போட்டு மிதித்தோம். மணி மணியாக நெல் தரையில் உதிர்ந்ததைக் குனிந்து பார்த்தீர்கள். அப்புறம் நெஞ்சை நிமிர்த்தி, நிறைகளத்தில் நின்று நெல் பெருகட்டும் என்று கூவுகிற சம்சாரி மாதிரி, "பொலியோ பொலி!" என்றீர்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. உங்களுக்கும்தான், கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். பொலி சொல்லாத நெல் வீட்டில் தங்காது என்று உங்கள் அய்யா களத்தில் கத்தியதைக் கேட்டு வளர்ந்த வாய். எந்தச் சட்டம் போட்டு அதை அடக்க? கொஞ்ச நேரத்தில், அந்தச் சத்தம் கேட்டு, முள்ளை விலக்கிக்கொண்டு பண்ணையின் காவல்காரன் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தான், நெல்லைப் பார்த்தான், ஓடிவிட்டான். நெல்லை விட்டுவிட்டுப் போக நமக்கு மனசு வரவில்லை. சாக்கில் அள்ளிக்கொண்டே இருந்தோம். ஜீப் வந்தது அதற்குப் பிறகுதான். நாம் இருவரும் முள்ளுக்குள் பாய்ந்தோம். செவுகன் சிக்கிக்கொண்டான். பின்னால் போலீஸ் விட்டு வீடு திரும்பியபோது அவன் நடந்தான், சாப்பிட்டான், சாகும்வரை பேசவே இல்லை.

ஆனால் நான் இன்றும் பயந்து விழிப்பது ஜீப்பை நினைத்து அல்ல. மறுநாள் காலை கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் கூடினோமே, அதை நினைத்து. பாதி வெந்த கரியின் புகை கண்ணில் ஏறிக்கொண்டிருந்தது. செவுகன் வீராச்சாமிக்குக் கூடப்பிறந்த தம்பி. வீராச்சாமி அருவாளைத் தரையில் என் பக்கமாக வைத்தான். "காட்டுக்குள்ள களம் இருக்குறது போலீசுக்கு எப்படித் தெரியும்? இவ சின்னம்மா பண்ணை வீட்லதானே சாணி அள்ளுறா?" என்றான். அப்படி இருக்காது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நேற்றுவரை என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள், அண்ணே. அதில் ஒருவன் என்னைப் பார்க்காமல் அருவாளையே பார்த்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் செய்துவிடுவார்கள்.

நீங்கள் எழுந்தீர்கள். "அவ இல்லப்பா. நாந்தேன். பொலி சொன்னது நானு. வாய்தவறி வந்துருச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "எந்தம்பிய திருநீறுக்குத் திட்டுன மனுசன் பொலி சொன்னீகளாக்கும்? ஆருகிட்டக் கத விடுறீக? இவளக் காப்பாத்தணும்னா நீரும் கூட்டுதேன்!" என்று வீராச்சாமி எழுந்தான். நீங்கள் அவனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றீர்கள். "ஆத்தா, நீ போ. திரும்பிப் பாக்காம போ," என்றீர்கள். போனேன். பின்னால் காலடி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே, முள் தைத்தது தெரியாமல் போனேன். காலடி வரவில்லை. உங்கள் சத்தம் மட்டும் கேட்டது.

அதோடு கூட்டம் கலைந்தது. ஆளுக்கொரு திசை. நான் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, ஒரு தடவை குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்தபோது, தங்கின லாட்ஜில் பக்கெட் தூக்கி வந்தது நீங்கள். வெட்டுத்தழும்பு ஓடிய இடது கை விரல்கள் மடங்கவில்லை. என் வீட்டுக்காரர் தீர்த்தமாடப் போன நேரத்தில் மாடிப்படியில் நின்று பேசினோம்.

"ஆத்தா, பயம் போயிருச்சா?"

"இல்லண்ணே. கதவத் தட்டுனா, கொரலு கேக்காம தெறக்க மாட்டேன்."

"எனக்கும் போகல. போகட்டும்னு காத்துக்கிட்டிருந்தா ஒண்ணுஞ் செய்ய முடியாது, பாத்துக்க," என்று சொல்லி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். சாமி கும்பிட்டாயா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முந்தாநாள் வரப்பில் உட்கார்ந்து அந்தப் படிக்கட்டைத்தான் நினைத்தேன். பிறகு எழுந்து போய், "அந்தப் போன இங்கன வையி தாயி," என்றேன். என் பெயரைச் சொன்னேன், என் அய்யா பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். காட்டிக் கொடுத்தவர் என்று யாரும் இல்லை, பொலி சொன்னவர் ஒருத்தர் இருந்தார் என்றேன். முழுக்கச் சொன்னேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "பொலின்னா எப்படிம்மா சொல்லுவாக?"

அன்றிலிருந்து எந்தக் களத்திலும் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. டிராக்டரில் நெல் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்துக் கத்தினேன். "பொலியோ பொலி!" மெஷின் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான். மருமகனும் பார்த்தார்.

அவள் போன பிறகு மருமகன் மெதுவாக வந்து, "என்னத்த பேசுனீக அத்தை?" என்றார். சொன்னேன். அவர் அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிடவில்லை. பேரன் ராமநாதபுரம் போயிருக்கிறான், இன்று வருவான், அவனிடம் நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

வாசலில் பைக் வந்து நிற்கிறது, அண்ணே. அவனாக இருக்கலாம், ஸ்டேஷன் ஆளாகவும் இருக்கலாம். கதவைத் தட்டுகிறார்கள், குரல் இல்லை. திறக்கப் போகிறேன்.