நைனா பேரில் வந்த சிலிப்

எங்கள் வார்டு வாக்காளர் பட்டியலில் இன்னும் உயிரோடு இருக்கிற என் அருமை நைனாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. அதன் பிறகு உன் பேருக்கு வந்த முதல் காகிதம் தேர்தல் சிலிப். உன் பேர், தாத்தா பேர், கதவு எண், எல்லாம் சரி. வயது அறுபத்திரண்டு என்று இருந்தது. அறுபத்தொன்றில் போனாய். இடையில் ஒரு வயது கூடியிருக்கிறாய்.

கொண்டுவந்தது அங்கன்வாடி டீச்சர். அவரு போயிட்டாரேம்மா என்று அம்மா சொன்னதற்கு, தெரியும், சாவுக்கு நானும்தான் வந்தேன், ஆனா பட்டியல்ல இருக்காரே, நான் இன்னா பண்றது என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நியாயமான கேள்வி. அம்மா சிலிப்பைத் துடைத்து, உன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஞாபகத்துக்கு வைக்கிறாள் என்று நினைத்தேன். எம்.ஏ. தத்துவம் படித்தவன் வேறு எப்படி நினைப்பான்?

பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மட்டும் இடைத்தேர்தல். இரண்டே பேர். ஒருவர் நம்ம குப்பத்து ஆள், நம்ம சபை, சின்னம் பூட்டு சாவி. இன்னொருவர் நெல் விளைகிற பக்கத்து ஊரைச் சேர்ந்த, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா. சாமி கும்பிடுகிறவர். சின்னம் சீப்பு.

உன் வழுக்கையை நினைத்துக்கொண்டேன்.

நீ இருந்த தேர்தல்களை இங்கே யாரும் மறக்கவில்லை. கட்சிக்காரர் ஆட்டோவில் ஏறமாட்டாய். வெயிலில் நடந்தே போவாய். ஒரு முறை தெரியாமல் ஒரு வேட்பாளர் பந்தலில் டீ குடித்துவிட்டாய். தெரிந்ததும் எதிர்ப் பந்தலுக்குப் போய் அங்கேயும் ஒரு டீ. மூன்றாவது ஆளுக்குப் பந்தலே இல்லை. சுயேச்சை. அவர் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டி, ஒரு டீ குடு என்று கேட்டாய். அவர் மனைவி பால் இல்லை என்று வரக்காப்பி கொடுத்தாராம். அது கணக்கில் சேருமா சேராதா என்று போதகரிடம் போய்க் கேட்டாய்.

யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் ஒரே பதில். “ஜெபம் பண்ணேன்.” எல்லா வேட்பாளரும் நீ தன் ஆள் என்று நம்பினார்கள்.

அம்மாவுடைய அண்ணன், நம்ம ஆபிரகாம் மாமா, இந்த முறை பூட்டு சாவிக்கு பூத் ஏஜென்ட். சிலிப் வந்த மறுநாளே வந்தார். உன் சிலிப்பைக் கேட்டார். உன் வயதில், உன் நிறத்தில் ஆள் பார்த்து வைத்திருக்கிறாராம். பழவேற்காட்டில் இருக்கிற தன் மச்சானாம்.

முடியாது என்றேன்.

“ஏன்டா முடியாது? செத்தவன் பாடு வூட்டுக்கு வருதா இல்லியா?”

“வருது.”

“ஓட்டு மட்டும் ஏன் வராது? அது மட்டும் இன்னா, மோட்சத்துக்குப் போயிடுதா?”

பாடு என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பேர் பாடு. ஒருவர் செத்தால் அவர் பாடு அவர் வீட்டுக்கு. உன்னுடையது எனக்கு வந்தது. எனக்கு வலை கட்டத் தெரியாது. மாமா கட்டுகிறார், அம்மா சாப்பிடுகிறாள். ஆனால் சீட்டுப் போடுகிற அன்று ஊர்க்கூட்டத்தில் உன் இடத்தில் உட்கார வேண்டியவன் நான்.

மாமா கேட்டதற்கு, வாக்குரிமை என்பது தனிமனிதனின்... என்று ஆரம்பித்தேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், திருச்சபை யாருக்கும் ஓட்டுக் கேட்காது என்று தெளிவாகச் சொன்னார். பிறகு, பேதுருவிடம் பரலோகத்தின் சாவிகள் ஒப்படைக்கப்பட்டதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். எதேச்சையாக அமைந்தது என்றார் வாசலில். வேதத்தில் சீப்பு எங்காவது வருகிறதா என்று நானும் வீட்டுக்கு வந்து தேடினேன். தலைமயிர் எண்ணப்பட்டிருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது.

ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். எல்லார் ஓட்டும் பூட்டு சாவிக்கே என்று முடிவு. கை தூக்கச் சொன்னார்கள். வார்டுப் பெட்டியைத் தனியாகத்தான் எண்ணுவார்கள், சீப்புக்கு ஒரு ஓட்டு வுழுந்தாலும் யாருனு கண்டுபுடிச்சிடுவோம், அந்த வூட்டுக்குப் பாடு கெடயாது என்று மாமா அறிவித்தார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

நான் கை தூக்கினேன்.

ஏன் தூக்கினேன்? பயம் என்று எழுதினால் பெரிய வார்த்தையாகத் தெரிகிறது. பக்கத்தில் எல்லார் கையும் மேலே போயிற்று. என்னுடையதும் போயிற்று. அவ்வளவுதான்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், டீச்சர் அம்மா தன் பிரசாரக் கூட்டத்தில் ஒரே ஒரு காரியம் சொல்லியிருந்தார். ஏரிக் கரையோரமாகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பங்களுக்கும் வலை கட்ட நாள் வேண்டும், அதற்காக ஊர்களோடு பேசுவேன் என்றார். பேசுவேன் என்று மட்டும்தான் சொன்னார். அதற்கே இங்கே சோறு இறங்கவில்லை.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கன்னியப்பன் அந்தக் குடும்பம். நமக்கு முன்னாலிருந்தே ஏரியில் இருக்கிறவர்கள். பாடு முறையில் அவர்கள் பேர் இல்லை. கூட்டம் முடிந்து வரும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

“இன்னாடா, நீயும் தூக்கினியாமே?”

அதற்குள் தெரிந்திருக்கிறது. பரவால்ல, நான் கைய எறக்கினாதான் எனுக்குச் சோறு, நீ தூக்கினாதான் உனுக்குச் சோறு என்றான். சிரித்துக்கொண்டே குனிந்து, திரும்பச் சேற்றில் தேட ஆரம்பித்தான்.

இப்போது என் நிலைமையைப் பார். பூட்டில் குத்தினால் கன்னியப்பனுக்குத் துரோகம். சீப்பில் குத்தினால் கோயில் முற்றத்தில் தூக்கிய கை பொய். கூடவே அம்மாவின் பாடு போகும். ஓட்டுப் போடப் போகாமலே இருந்துவிட்டால்? அதற்கும் ஒரு தத்துவம் என்னிடம் இருந்தது. நான்கு பக்கம் எழுதியும் வைத்தேன். படித்துப் பார்த்தேன். மாமா செருப்பு மாட்டிக்கொண்டு போனது சரிதான் என்று தோன்றிற்று.

உன் ஞாபகம் வந்தது. எல்லாப் பந்தலிலும் டீ குடித்தாயே, அது நேர்மையா, இல்லை தப்பித்தலா, நைனா? நீ இருந்தபோது கேட்டிருக்க வேண்டும்.

தேர்தல் அன்று அம்மாவும் நானும் நடந்தே போனோம். பூத் பள்ளிக்கூடத்தில். வரிசையில் எனக்கு முன்னால் அம்மா. உள்ளே மேசையில் பொன்னேரியிலிருந்து வந்த ஒரு அதிகாரி, சின்ன வயசு. அம்மா வேதப் புத்தகத்தைத் திறந்து இரண்டு சிலிப்பை எடுத்து நீட்டினாள்.

“இது என்னுது. இது எங்க வூட்டுக்காரருது.”

“அவர் எங்கம்மா?”

“கல்லறைத் தோட்டத்துல.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அம்மா பொறுமையாக விளக்கினாள். அவரு பாடு எங்க வூட்டுக்கு வந்திருச்சி சார், ஊர்லயே ஒத்துக்கினாங்க, வேணும்னா கேட்டுப் பாருங்க. அதிகாரி, பாடுன்னா என்ன என்று கேட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. வரிசை முழுக்க அவருக்குப் பாட்டை விளக்க ஆரம்பித்தது. ஒருவர் சீட்டு எப்படிப் போடுவது என்பதிலிருந்து தொடங்கினார். இன்னொருவர் காற்று திரும்பினால் என்ன செய்வது என்பதற்குப் போனார். சீப்பு ஏஜென்ட்கூட, முறைனா அப்படித்தான் சார், அந்தம்மா சொல்றது சரி என்றார். ஏஜென்ட் மேசையில் மாமா மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருட்டுத்தனமாக நடக்க வேண்டிய ஒரு காரியத்தை அவர் தங்கை ஊரறிய நேர்மையாகச் செய்துகொண்டிருந்தாள்.

அதிகாரி மேலே யாருக்கோ போன் செய்யப் போனார். எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

நீ அதை எதுக்கும்மா கொண்டாந்த என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வியர்வையைத் துடைத்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

“கன்னியப்பனோட அப்பா ஒரு வாட்டி பாடு கேட்டு நம்ம கூட்டத்துக்கு வந்தாரு. வருசத்துல ஒரே ஒரு நாள் குடுங்கனாரு. ஊரே சிரிச்சிது. உங்க நைனா சிரிக்கல. ஆனா வாயும் தெறக்கல. வூட்டுக்கு வந்து, நான் தப்புப் பண்ணிட்டேன்டினு சொல்லிக்கினே இருந்தாரு.”

“அதுக்கு?”

“அவரு ஓட்ட சீப்புக்குப் போட்டுவுடலாம்னுதான். உசுரோட இருக்கறவங்கள ஊரு தள்ளி வெக்கும். செத்தவர யாரு தள்ளி வெக்கறது?”

“உன்னுது?”

“பூட்டுக்குத்தான். நான் இந்த ஊர்ல தண்ணி புடிக்கணும் இல்ல?”

சிரித்துவிட்டேன். அம்மாவும். பெஞ்சில் உட்கார்ந்து, சாவு வீட்டில் சிரிக்கிறவர்கள் மாதிரி, வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. நீ வாய் திறக்காத ஒரு நாள் இருந்தது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது, நைனா. தெரிந்ததும் கோபம் வரவில்லை. கோயில் முற்றத்தில் என் கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

அதிகாரி வந்தார். உன் பேருக்கு நேராக, இறந்தவர் என்று சிவப்பு மையில் எழுதினார். ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்து, மன்னிச்சிருங்கம்மா என்றார். நல்ல பிள்ளை. அம்மா தன் ஓட்டைப் போட்டு வந்தாள். அடுத்து நான்.

மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு முத்திரை, ஒரு தாள், ஒரு பூட்டு, ஒரு சீப்பு. ஒற்றை ஓட்டு விழுந்தால் நான்தான் என்று மாமாவுக்குத் தெரியும். அம்மாவின் பாடு போகும். வெளியே வந்து அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். நீ செய்ததாகச் சொல்வதைச் செய்து பார்த்தேன். ஜெபம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. சேற்றில் குனிந்திருந்த முதுகு ஒன்று கண்ணில் வந்தது.

சீப்பில் குத்தினேன்.

எண்ணிக்கையில் பூட்டு சாவி ஜெயித்தது. நல்ல வித்தியாசம். ஆனால் நம்ம வார்டுப் பெட்டியில் சீப்புக்கு விழுந்தது ஒன்று அல்ல. ஏழு.

மாமா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஒன்று என்றால் என் பேரைக் கையில் வைத்திருந்தார். ஏழு என்றால் என்ன செய்வார்? யார் யாரென்று தெரியாமல் எந்த வீட்டின் பாட்டை நிறுத்துவது? சந்தேகப் பட்டியல் போட்டதில் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அதில் போதகரும் இருக்கிறார். மாமாவின் மனைவியும் இருக்கிறாள் என்று கேள்வி. குப்பமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. அத்தனை பேரும் கை தூக்கியவர்கள்.

அம்மாவிடம் கேட்டேன். ஏழில் நீயும் ஒருத்தியா?

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “ஜெபம் பண்ணேன்” என்றாள்.

கன்னியப்பனிடம் போய்ச் சொன்னேன். என்னுடையதையும் சொன்னேன். அவன் ஓட்டு வேறு வார்டில். நனைந்த கையை உதறிவிட்டு யோசித்தான். “ஏழு பேரா? ஒரு வல கட்ட ஏழு பேரு போதும்டா. வலையும் நாளும்தான் இல்ல.”

அதனால் உனக்கு இரண்டு செய்தி. உன் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கப் பொன்னேரிக்குப் போய் மனு கொடுத்துவிட்டேன். அடுத்த முறை உன்னால் ஓட்டுப் போட முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. வருகிற கூட்டத்தில் பாட்டுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். திரைக்குப் பின்னால் குத்திவிட்டு வந்தது பாதிதான், நைனா. தூக்கிய கை இன்னும் கோயில் முற்றத்திலேயே நிற்கிறது. அன்று உன் இடத்தில் எழுந்து நின்று, ஏழில் ஒன்று நான் என்று சொல்வேன். அடுத்து, நம் வீட்டுப் பாட்டில் ஒரு நாளைக் கன்னியப்பன் பேருக்கு எழுதச் சொல்லிக் கேட்பேன். ஊர் சிரிக்கும். மாமா எழுந்து போவார். உள்ளதும் போகலாம். போகட்டும் என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை, அது அம்மாவின் சோறு. அதனால் அவளிடம்தான் முதலில் கேட்டேன்.

“பயமா கீது” என்றாள். பெட்டியைத் திறந்துகொண்டே, “அவரு வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வெக்கறேன். உனுக்குத் தோள்ல கொஞ்சம் தொளதொளனு இருக்கும்” என்றாள்.

போட்டுக்கொண்டு போகிறேன். வாய் திறப்பேன். இது சத்தியம் என்று எழுத வந்தேன். சத்தியம் பண்ணக் கூடாதென்று வேதத்தில் இருக்கிறது என்பாய். ஆம் என்றால் ஆம்.

ஆம், நைனா.

உன் சட்டைக்குள் இன்னும் முழுதாக நிறையாத,
உன் மகன்