சங்குமேட்டுப் பள்ளிக்கூட மணி அன்றைக்குக் கடற்கரையில் இருந்த காரணம்

அனுப்புவது:
மூக்காயி,
காலஞ்சென்ற ராக்கன் பெண்சாதி,
கடற்கரைத் தெரு, சங்குமேடு,
கட்டுமாவடி வழி, அறந்தாங்கி தாலுகா.

பெறுவது:
கனம் ஜில்லா கல்வி அதிகாரி அவர்கள்,
தஞ்சாவூர்.

விஷயம்: சங்குமேடு போர்டு நடுத்தரப் பள்ளிக்கூடத்துக்கு வரவிருக்கும் எட்டாம் வகுப்பை நிறுத்த வேண்டாம் என்றும், தலைமை வாத்தியாரை மாற்ற வேண்டாம் என்றும், மணியைப் பூட்டி வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வது, வேறு சில குறைகளும்.

மரியாதைக்குரிய ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

கும்பிட்டு எழுதிக்கொள்வது. தாங்கள் மாசி மாதம் கட்டுமாவடிக்கு முகாம் வரப்போவதாகத் தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் தெருவில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. தாங்கள் வருவதற்கு முன்னால் விஷயம் தங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நான் பிறந்த ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மனுவில் எதை மேலே எழுதுவது, எதைக் கீழே எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தது ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சந்தனம். மேலே என் வீட்டுக்காரர் பெயரை எழுதியதும் அவள்தான், அதை நான் எழுதுவது வழக்கமில்லை. மற்றதெல்லாம் என் கை.

1. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் என் மூன்றாம் வகுப்புக்கு எட்டாத கடிதாசி வந்தால் படிக்க ஆள் தேடிக் கட்டுமாவடிக்குப் போவோம். இப்போது பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு படிக்கிறார்கள். தலைமை வாத்தியார் ஆவுடையப்பன் அவர்கள் வந்த வருஷமே ஒரு காரியம் செய்தார். விடியற்காலையில் கட்டுமரங்கள் கரைக்கு வரும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் வலை உதறவும் மீன் பிரிக்கவும் நிற்பார்கள். அந்த நேரத்தில் மணி அடித்தால் யார் வருவார்கள்? அவர் கரைக்கு வந்து நின்று பார்த்தார். மறுநாளிலிருந்து மீன் பிரித்து முடிந்த பிறகுதான் மணி. சாயங்காலம் அந்த நேரத்தைச் சேர்த்து நடத்திவிடுவார். அதற்குப் பிறகு வீட்டில் தங்குகிற பிள்ளையே இல்லை. ஆனி மாதம் எட்டாம் வகுப்பு வரப்போகிறது என்று அவர் சொன்ன அன்று சந்தனம் வீட்டுக்கு ஓடி வந்த ஓட்டத்தில் வாசலில் காயப்போட்டிருந்த கருவாட்டையெல்லாம் மிதித்துவிட்டாள். நான் அடிக்கக் கை ஓங்கிவிட்டு விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அவள் அப்பா அன்றைக்குத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

2. குறையும் உண்டு, மறைக்கவில்லை. உதவி வாத்தியார் ரெங்கராஜ் அவர்கள் கரைப் பிள்ளைகள் கிட்டே வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். எங்கள் பிள்ளைகளை ஜன்னல் ஓரமாக உட்காரச் சொல்கிறார். அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் மகள் உண்ணாமலையைப் பார்த்து, குளித்துவிட்டு வந்தாயா, கூடையோடு வந்தாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அன்றோடு நின்றுவிட்டது. பிச்சையம்மாள் இப்போதும் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினால் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில் ரெங்கராஜ் வாத்தியாரை அடிக்க ஆள் இல்லை என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். எங்கள் வீட்டுத் துக்கத்தில் சந்தனம் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தபோது, அவர்தான் வாசலில் வந்து நின்று விட்டுப்போன கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஆகையால் அவரையும் மாற்ற வேண்டாம். மூக்கைப் பிடிப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னால் போதும்.

வயது வந்த பெண் பிள்ளைகளுக்கு மறைவான இடம் இல்லை. உண்ணாமலை மாதிரி இன்னும் சில பெண்கள் நின்றதற்கு இதுவும் காரணம். ஆண் பிள்ளைகளின் தகப்பன்மார் இதை எழுதமாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

3. இனி நடந்த விஷயம். கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி வாடைக் காற்று திடீரென்று எழுந்து கடலில் இருந்த மரங்களைத் திசைக்கு ஒன்றாகச் சிதறடித்துவிட்டது. விடிந்த பிறகு காற்று அடங்கியது, ஆனால் மழை மூட்டம் இறங்கிவிட்டது. கரையில் நின்றால் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடலில் இருக்கிறவனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? ஊர்ப் பெயரில்தான் மேடு, எங்கள் கரை தாழ்ந்த கரை, குறிப்புப் பார்க்க ஒரு மேடு கிடையாது. இப்படிப்பட்ட நேரத்தில் தெரு முழுக்கக் கரையில் நின்று, வராதவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பிள்ளைகளைத்தான் முன்னால் நிறுத்துவோம், அவர்கள் குரல் தூரமாகப் போகும். வாத்தியார்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். வராதது இரண்டு மரம். ஒன்றில் இருளாண்டியும் சவரியப்பனும். இன்னொன்றில் என் வீட்டுக்காரர் தனியாக.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான்தான் தலைமை வாத்தியாரிடம் போய், பள்ளிக்கூட மணியைத் தாருங்கள் என்று கேட்டேன். மணி என்றால் வெண்கல மணி அல்ல, பூவரச மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டுதான். ஆனால் அடித்தால் உப்பளம் வரைக்கும் கேட்கும். அவர் தாமே போய் அவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். துடுப்புகளை முக்காலியாகக் கட்டி அதில் தொங்கவிட்டோம். வெளிச்சத்துக்குத் தீ மூட்டினோம், விறகெல்லாம் நனைந்துபோய்ப் பிடிக்கவில்லை. அப்போது அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "பெஞ்சு காஞ்சு கெடக்குங்க, எடுத்துட்டு வாங்க. பிள்ளைக தரையில உக்காந்து படிச்சுக்கும்." இரண்டு பெஞ்சு எரிந்தது. மாற்றி மாற்றி மணி அடித்தோம். ரெங்கராஜ் வாத்தியார் கை கொப்பளிக்கும் வரை அடித்தார்.

உச்சி வேளைக்கு இருளாண்டியும் சவரியப்பனும் வந்து சேர்ந்தார்கள். திசை தெரியாமல் கிழக்கே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், மணிச் சத்தம் முதுகுப் பக்கம் கேட்டதும் திரும்பினார்களாம். என்னைப் பார்த்ததும் இருளாண்டி கரையேறாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வரமாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் நானும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் அவர் மரம் மட்டும் மணமேல்குடிப் பக்கம் ஒதுங்கியது.

4. அதே நாள் காலையில்தான் இன்ஸ்பெக்டர் ஐயா வண்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பார்க்க வந்திருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறது. வாத்தியார் இல்லை, பிள்ளை இல்லை, மணி இல்லை, இரண்டு பெஞ்சைக் காணோம். உள்ளே ஒரு ஆடு மட்டும் நின்றிருக்கிறது (அது பிச்சையம்மாள் ஆடு). கேட்டுச் சொல்லத் தெருவில் ஒரு ஆள் இல்லை. கரையில் மணி அடிப்பது கேட்டிருந்தாலும் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்திருப்பார். மழையில் நனைந்து வந்தவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. இவ்வூர்க்காரர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, எட்டாம் வகுப்பு வேண்டியதில்லை, தலைமை வாத்தியாரை மாற்ற வேண்டும், இனிமேல் மணியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். தெரியாததைத்தான் நான் எழுதுகிறேன்.

5. பின்னால் தலைமை வாத்தியாரிடம் விளக்கம் கேட்டு உத்தரவு வந்தது. அவர், பொறுப்பு என்னுடையது என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். ஏன் நடந்ததைச் சொல்லவில்லை என்று சவரியப்பன் சண்டைக்கே போய்விட்டார். அதற்கு அவர், "அந்தம்மா வீட்டுச் சாவை என் வேலைக்குச் சாக்காச் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டாராம். சவரியப்பன் வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாவு என் வீட்டுச் சாவு. சொல்லலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். சொல்லிவிட்டேன். இந்த மனு எழுதுவது அவருக்குத் தெரியாது.

6. எரிந்த பெஞ்சுக்குப் பதில் பெஞ்சு வந்துவிட்டது என்பதைச் சந்தோஷமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒதுங்கிய மரத்தை விலைக்குக் கேட்டார்கள், நான் தரவில்லை. கட்டை கட்டையாகப் பிரித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். இருளாண்டி இழைத்துக் கால் வைத்தார். போர்டு பெஞ்சு மாதிரி நேராக இல்லை, நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும், உட்கார்ந்தால் உப்பு வாசனை வரும். பிள்ளைகள் அதில் உட்காருவதற்கு அடித்துக்கொள்கிறார்கள். பிச்சையம்மாள் பெஞ்சைப் பார்க்க வந்தவள், தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். போன திங்கட்கிழமை உண்ணாமலை பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது ஐயா. தெருவே வேடிக்கை பார்த்தது.

ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது: ஆனி மாதம் எட்டாம் வகுப்பைத் திறக்க உத்தரவு தர வேண்டும். இங்கே இல்லையென்றால் எங்கள் பெண்களுக்கு ஏழோடு சரி. வெளியூர் அனுப்பத் தகப்பன் உள்ள வீட்டிலேயே யோசிப்பார்கள். தலைமை வாத்தியாரை இங்கேயே விட வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பு வைத்துத் தர வேண்டும், கீற்றும் கழியும் நாங்கள் தருகிறோம்.

தாங்கள் முகாம் வரும்போது எந்த நாளிலும், சொல்லாமல்கூட வாருங்கள். மீன் பிரித்த பிறகு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். தாங்கள் உட்காரச் சந்தனம் அந்தப் பெஞ்சைத் துடைத்து வைத்துக்கொண்டே இருக்கிறாள், தினமும் துடைக்கிறாள்.

மணியை மட்டும் இன்றைக்கே பூவரச மரத்தில் திரும்பக் கட்டச் சொல்லி ஒரு வரி எழுதிவிட வேண்டும். இப்போது அது அலமாரி அறையில் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு இனி அது தேவையில்லை. இருளாண்டியும் சவரியப்பனும் நேற்று ராத்திரியும் கடலுக்குப் போயிருக்கிறார்கள்.

இடம்: சங்குமேடு
தேதி: வெகுதானிய வருஷம் தை மாதம் 12

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் கரையிலேயே காத்திருக்கும்,
மூக்காயி
(கையெழுத்து என்னுடையது)